எலும்புக்கு ஒரு சீட் பெல்ட்

அண்ணன்தான் பன்றித்தொடையை அறுத்தான்.
கத்தி எலும்பில் தட்டியதும்
மேஜையில் பேச்சு நின்றது.
எங்கள் வீட்டில் ஈஸ்டர் முடிவது அப்படித்தான்:
பதினொரு பேர், ஒரு எலும்பு.
சித்தி மகன் எல்ட்ரெட் இருமினான்.
அண்ணி வெர்னா துடைத்த தட்டையே
மறுபடி துடைத்தாள்.
நான் யாரையும் கேட்கவில்லை.
கோட்டை மாட்டினேன்,
எலும்பைத் தாளில் சுற்றினேன்,
வந்துவிட்டேன்.

பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன்.
தெருமுனை தாண்டுமுன் கார் கத்தத் தொடங்கியது,
ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடு என்று.
இருபத்திரண்டு வருஷம்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
எலும்புக்கு பெல்ட் போட்டுவிட்டேன்.
ஏப்ரலிலும் பனி விடாத வயல்களுக்கு மேல்
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒரே சமயத்தில் கண் சிமிட்டின,
பார்த்தோம், பார்த்தோம் என்று.

ராத்திரி, அலமாரியின் அடித்தட்டிலிருந்து
கண்ணாடி ஜாடியை எடுத்தேன்.
வெள்ளை பீன்ஸ்.
மூடியில் என் கையெழுத்தில் வருஷம் மட்டும்.
ஹ்யூரான் ஏரிப்பக்கத்து அந்த நிலத்தை
அண்ணன் காற்றாலைக்காரர்களுக்கு
எழுதிக்கொடுப்பதற்கு முந்தின அறுவடை.
ஏழு வருஷமாய் சமைக்கவுமில்லை,
எறியவுமில்லை.
தண்ணீரில் கொட்டும்போது
கூழாங்கல் போல சத்தம் போட்டது.
அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

காலையில் பெரிய பானை.
எலும்பு, வெங்காயம், கேரட்,
நார் உரித்த செலரி, ரெண்டு பிரிஞ்சி இலை.
உப்பு போடவில்லை, எலும்பே உப்பு.
ஜன்னல் வியர்த்தது.
எலும்பிலிருந்து இறைச்சி
தானாகக் கழன்று விழுந்தது,
மஜ்ஜை கரைந்து
கரண்டியில் பிசின் போல ஒட்டியது.
வீடு முழுக்க வாசனை.
பீன்ஸ் மட்டும் வேகவில்லை.

மூன்று மணி நேரம்.
நாலு.
ஒன்றைக் கடித்தேன்,
கடைவாய்ப் பல் ஒரு வார்த்தை சொன்னது.
ஐந்தாவது மணி நேரத்தில் போனை எடுத்தேன்.
பண்டிகைக்கு இல்லாமல் அந்த எண்ணை
அழுத்தி ஏழு வருஷம்.

"எந்த பீன்ஸ்?" என்றாள் வெர்னா.
சொன்னேன்.
"எந்த வருஷத்தது?"
சொன்னேன்.
அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.
பிறகு நின்றது.

வந்தாள், பூட்ஸில் சேற்றோடு,
ஒரு கையில் சமையல் சோடா டப்பா,
மறு கையில் மூடிய பாத்திரம்.
நேற்றே ஊறவைத்ததாம், வேகவைத்ததாம்.
எலும்பு தனக்குத்தான் வரும் என்று நினைத்தாளாம்.
என் பானையில் ஒரு சிட்டிகை சோடா போட்டாள்,
நுரை பொங்கி அடங்கியது.
தன் பீன்ஸைக் கரண்டி முதுகால்
பானைச் சுவரில் வைத்து மசித்தாள்.
குழம்பு வெளுத்து, கெட்டியாகி,
மெதுவாகக் கொப்பளித்தது.

"அதே வயல்தான்," என்றாள் என்னைப் பார்க்காமல்.
"காற்றாலைக் காலைச் சுற்றி
இன்னும் விதைக்கிறோம்.
நீ அந்த ரோட்டில் வருவதே இல்லையே."

சாப்பிட்டோம்.
ஒரு கரண்டியில் நாலு வெண்ணெய், ஒன்று கல்.
கல்லைத் தட்டு விளிம்பில் ஒதுக்கினோம்.
அவளுக்குப் பதினேழு, எனக்கு ஒன்பது.
எண்ணியது அவள்தான்.

அண்ணனுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று
கேட்க வாயைத் திறந்தேன்.
ரொட்டி இருக்கிறதா என்றாள்.
இருந்தது.

போகும்போது
சுத்தமாய் வெளுத்துப்போன எலும்பை
அதே தாளில் சுற்றிக்கொண்டாள்.
நாய்க்கு என்றாள்.
அவர்கள் வீட்டில் நாய் கிடையாது.